சைப்ரஸ்: பிளவுண்ட தீவின் அரசியலும் பொருளாதாரமும் இனி எந்தத் திசையில்?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

வடக்கு சைப்ரஸில் 2025 அக்டோபர் 19 அன்று நடந்த தலைவர் தேர்தலில் துஃபான் எர்ஹுர்மன் ஏறத்தாழ 63 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். அவர் கூட்டாட்சியை ஆதரிப்பவர். அவரிடம் தோற்ற எர்சின் தாத்தார், தீவில் இரண்டு தனி நாடுகள் என்பதைத் தவிர வேறு தீர்வே இல்லை என்று ஐந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர். இந்த முடிவுக்குப் பிறகு தீவு ஒன்றுபடும் காலம் நெருங்கிவிட்டது என்று எழுதுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. மேசையில் யார் அமர்கிறார்கள் என்பதைவிட, இரு பக்கத்துப் பொருளாதாரங்களும் கடந்த இருபது ஆண்டுகளில் எதிரெதிர்த் திசையில் வேரூன்றிவிட்டன என்பதே அந்தத் தீவின் எதிர்காலத்தை அதிகம் தீர்மானிக்கும் என்று கருதுகிறேன்.

பின்னணியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பிரிட்டனிடமிருந்து 1960 ஆகஸ்ட் 16 அன்று சைப்ரஸ் விடுதலை பெற்றபோது மக்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் கிரேக்கர்; 18 விழுக்காட்டினர் துருக்கியர். கிரேக்கரான பேராயர் மக்காரியோஸ் குடியரசுத் தலைவராகவும், துருக்கியரான ஃபாசில் குச்சுக் துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றனர். அரசுப் பணிகள் 70க்கு 30 என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டன. 1963 நவம்பரில் மக்காரியோஸ் அரசியலமைப்பில் 13 திருத்தங்களை முன்மொழிந்தார்; அடுத்த மாதமே தலைநகர் நிக்கோசியாவில் இரத்தம் சிந்தியது. துருக்கியர் தாமாகவே அரசிலிருந்து விலகினர் என்று கிரேக்கரும், தாங்கள் துரத்தப்பட்டோம் என்று துருக்கியரும் இன்றுவரை சொல்கிறார்கள். அந்த டிசம்பரில் ஒரு பிரிட்டிஷ் தளபதி வரைபடத்தின் மேல் பச்சைப் பென்சிலால் இழுத்த கோடுதான் இன்றும் இரு பக்கத்தையும் பிரிக்கும் 'பச்சைக் கோடு'. கிரீஸின் இராணுவ ஆட்சியாளர்கள் தூண்டிய ஆட்சிக் கவிழ்ப்பு 1974 ஜூலை 15 அன்று நடந்தது. ஐந்து நாள் கழித்துத் துருக்கியப் படைகள் வடகரையில் இறங்கின. ஆகஸ்ட் நடுவில் தீவின் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிலம் அவற்றின் கையில் இருந்தது. 1983 நவம்பரில் வடக்கு தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. துருக்கியைத் தவிர வேறெந்த நாடும் அதை இன்றுவரை ஏற்கவில்லை.

இனி பொருளாதாரத்துக்கு வருகிறேன். கிரேக்கர் ஆளும் சைப்ரஸ் குடியரசான தெற்கு 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2008இல் யூரோவுக்கு மாறியது. கிரீஸின் அரசுக் கடன் பத்திரங்களில் பணம் போட்டிருந்த அதன் வங்கிகள் நொறுங்கியபோது, 2013 மார்ச்சில் மொத்த நாடும் திவாலின் விளிம்புக்குப் போனது. சிறு வைப்புகளிலிருந்தும் 6.75 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற முதல் திட்டத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. இறுதியில் லைக்கி வங்கி மூடப்பட்டது. சைப்ரஸ் வங்கியில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் மிகைத்தொகையில் 47.5 விழுக்காடு வங்கிப் பங்குகளாக மாற்றப்பட்டது. வாழ்நாள் சேமிப்பையும் ஓய்வூதியத் தொகையையும் அங்கே வைத்திருந்த முதியவர்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் மூன்றே ஆண்டுகளில் வெளிக் கடனுதவியோடு வந்த மீட்புத் திட்டத்திலிருந்து தெற்கு வெளியேறியது. 2020இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 110 விழுக்காட்டைத் தாண்டியிருந்த பொதுக்கடன் 2024 முடிவில் 65 விழுக்காட்டுக்கு அருகே இறங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் மூன்று பெரிய தரமதிப்பீட்டு நிறுவனங்களும் அந்நாட்டை 'ஏ' வரிசைக்கு உயர்த்தின.

வடக்கின் கதை நேர்மாறானது. அங்கே புழங்குவது துருக்கிய லிரா. துருக்கியில் 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டியபோது, அந்நாட்டின் வட்டிக் கொள்கையில் ஒரு சொல்கூடச் சொல்ல உரிமையில்லாத வடக்கு மக்களும் அதே தீயில் வெந்தார்கள். வடக்கின் வரவு செலவுத் திட்டம் ஆண்டுதோறும் அங்காராவின் உதவியை நம்பி நிற்கிறது. எர்ஜான் விமான நிலையத்துக்குச் செல்லும் விமானம் எதுவானாலும் துருக்கியில் இறங்கித்தான் செல்ல வேண்டும்.

ஆகவே, தெற்கின் நடுத்தர வர்க்கத்துக்குத் தீர்வில் அவசரம் இல்லை. வடக்குக்கு அவசரம் இருந்தும் முடிவெடுக்கும் ஆற்றல் இல்லை. தேர்தல் முடிவால் இந்த நிலை மாறிவிடாது. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.


கடற்கரையான்

நண்பர் இளவேனிலின் பதிவு தெளிவாக இருக்கிறது. ஆனால் அடிப்படையில் உடன்பட மாட்டேன். சைப்ரஸ் சிக்கலின் உயிர்நிலை அச்சம். பணம் அதற்கு அடுத்துத்தான்.

2004 ஏப்ரல் 24 அன்று, தீவை ஒன்றுபடுத்த ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னான் முன்வைத்த அன்னான் திட்டத்தின் மீது இரு பக்கமும் தனித்தனியாக வாக்கெடுப்பு நடந்ததை நினைவுகூருங்கள். துருக்கியரில் 65 விழுக்காட்டினர் ஏற்றனர். கிரேக்கரில் 76 விழுக்காட்டினர் மறுத்தனர். பொருளாதாரக் கணக்கு மட்டும் பேசியிருந்தால் கிரேக்கரும் ஏற்றிருக்கலாம். துருக்கியப் படை தீவில் ஓரளவேனும் தங்கும், பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றுக்கும் 1960இல் அளிக்கப்பட்ட உத்தரவாத உரிமை தொடரும் என்பதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை. 1974இல் துருக்கி தன் படையெடுப்புக்குச் சட்டக் காரணமாகக் காட்டியது அந்த உத்தரவாத ஒப்பந்தத்தைத்தானே? 2017 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் கிரான்-மொந்தானாவில் தெற்கின் தலைவர் அனஸ்டாசியாடிஸும் வடக்கின் தலைவர் அக்கின்ஜியும் தீர்வுக்கு மிக அருகில் வந்தார்கள். அங்கும் பேச்சு முறிந்ததற்கு உத்தரவாதமும் படைகளும் முதன்மைக் காரணமாயின.

மறுபக்க அச்சத்தையும் மறைக்கக் கூடாது. 1964 முதல் பத்தாண்டுகள் சைப்ரஸ் துருக்கியரில் பெரும்பகுதியினர் தீவின் 3 விழுக்காட்டு நிலப்பரப்பில் அடைபட்ட சிற்றிடங்களில் வாழ்ந்தார்கள். 1974 ஆகஸ்டில் மராத்தா, அலோவா, தொக்னி ஊர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உட்பட நிராயுதபாணிகள் கொன்று புதைக்கப்பட்டார்கள். கிரேக்கர் தரப்பில் 1,510 பேர், துருக்கியர் தரப்பில் 492 பேர் என மொத்தம் 2,002 பேர் காணாமற்போனோர் பட்டியலில் இருக்கிறார்கள். இரு சமூகத்து ஆய்வாளர்களும் ஒரே ஆய்வகத்தில் அமர்ந்து எலும்புகளை அடையாளம் கண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்களை இதுவரை குடும்பங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மீதமுள்ள குடும்பங்களில் தாய்மார்கள் காத்திருந்தே இறந்துகொண்டிருக்கிறார்கள். இந்த மனிதர்களிடம் போய் வளர்ச்சி விகிதத்தைப் பேசினால் என்ன பயன்?


செந்தாழை

நான் நிக்கோசியாவின் தெற்குப் பகுதியில் கணக்குத்துறையில் வேலை பார்க்கிறேன். மேலே இருவரும் எழுதியவற்றில் உண்மை இருக்கிறது. அன்றாடம் கண்ணில் படுகிறவற்றைச் சொன்னால் விவாதத்துக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

லெட்ரா தெரு இந்த நகரத்தின் கடைத்தெரு. அதன் நடுவே இருந்த தடுப்பு 2008 ஏப்ரல் 3 அன்று அகற்றப்பட்டுக் கடவை திறக்கப்பட்டது. காப்பிக் கடைகளைத் தாண்டி நடந்தால் தெற்குக் காவலரின் சிறு கூண்டு வரும். பிறகு இருபுறமும் அடைத்துக் கிடக்கும் கடைகளுக்கிடையே ஐ.நா. காக்கும் சில அடி நிலம். அதையடுத்து வடக்கின் கூண்டில் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். திரும்பி வரும்போது தெற்கின் சுங்கப் பணியாளர் பையைத் திறக்கச் சொல்லலாம். 40 சிகரெட்டுகளுக்கு மேல் கொண்டுவர அனுமதியில்லை. பொருள்களின் மதிப்பு 260 யூரோவைத் தாண்டக் கூடாது. எல்லை என்ற சொல்லைத் தெற்கில் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். பயன்படுத்தினால் அதை நாடாக ஏற்றதாகிவிடும் என்பதால் 'கடவை' என்றுதான் அரசு ஆவணங்கள் அனைத்திலும் இருக்கும்.

லிரா சரிந்த ஆண்டுகளில் அயியோஸ் தொமெத்தியோஸ் கடவையில் தெற்கு வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானோர் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளவும், மருந்து வாங்கவும் போனார்கள். பின்னர் வடக்கில் விலைகள் யூரோ கணக்கிலேயே ஏறிவிட்டன. அதனால் வடக்கிலிருந்து குடும்பங்கள் தெற்கின் பேரங்காடிகளுக்கு வந்து தள்ளுவண்டி நிறைய வாங்கிப் போவதை இப்போது பார்க்கிறேன். கட்டுமானத் தொழிலாளர்கள் பலர் நாள்தோறும் வடக்கிலிருந்து வந்து யூரோவில் கூலி பெற்றுத் திரும்புகிறார்கள். ஆக, மக்கள் கலக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் கடையோடு நின்றுவிடுகிறது. பள்ளிகள் வேறு, மொழிகள் வேறு, தொலைக்காட்சி வேறு. தெற்கில் என்னோடு வேலை செய்யும் இளைஞர்களில் சிலர் கோட்டைத் தாண்டியதே இல்லை. தன் தாத்தாவின் வீட்டைப் பார்க்க அந்நியரிடம் கடவுச்சீட்டைக் காட்ட மாட்டேன் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். அது வீம்பு அன்று. அவருக்கு அது மானப் பிரச்சினை.

இளவேனில் அவர்கள் தெற்கின் செழிப்பைப் பற்றி எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் நாடுகளிலிருந்து மென்பொருள் நிறுவனங்கள் தெற்கின் கடற்கரை நகரமான லிமசோலுக்கு இடம்பெயர்ந்ததால் அங்கே வீட்டு வாடகை கடுமையாக உயர்ந்துவிட்டது. முதலீட்டுக்குக் குடியுரிமை விற்கும் திட்டம் 2020 நவம்பரில் ஊழல் அம்பலமானதால் நிறுத்தப்பட்டது. அந்தப் பணத்தில் எழுந்த கடலோரக் கோபுரங்கள் நிற்கின்றன, உள்ளூர் ஆசிரியரோ செவிலியரோ அந்த நகரத்தில் வீடெடுக்கத் திணறுகிறார். இந்தச் சினம்தான் 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வெளிப்பட்டது: எந்தக் கட்சியையும் சாராத ஓர் இளம் யூடியூபர் 19 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார், தேசியவாத வலதுசாரிக் கட்சியான எலாம் 11 விழுக்காட்டைக் கடந்தது. கூட்டாட்சியைக் கடுமையாக எதிர்க்கும் கட்சி அது. அதனால் தீர்வுக்கான ஆதரவு வடக்கில் ஏறும் நேரத்தில் தெற்கில் இறங்குகிறதோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நகரத்தின் தெருக்களில் கூடும் பெண்களில் நம் தமிழ் பேசுவோரும் உண்டு. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்து இங்குள்ள வீடுகளில் முதியவர்களைப் பராமரிக்கிறார்கள். இந்தத் தீவின் செழிப்பைத் தாங்கும் கைகளில் அவர்களுடையவையும் அடக்கம். தீர்வு குறித்த எந்த அறிக்கையிலும் அவர்களைப் பற்றி நான் ஒரு வரியும் படித்ததில்லை.


மின்தொடர்

மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் மின்சாரம், தண்ணீர் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இவற்றைத் தொடாமல் சைப்ரஸின் பொருளாதார எதிர்காலத்தைப் பேச முடியாது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வேறெந்த நாட்டின் மின்கட்டமைப்போடும் இணைக்கப்படாமல் தனித்து நிற்பது சைப்ரஸ் மட்டுமே. பெரும்பகுதி மின்சாரம் இன்னும் எண்ணெயை எரித்தே கிடைக்கிறது; கார்பன் கட்டணமும் அதன் மேல் சேர்வதால் மின்கட்டணம் ஐரோப்பாவின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. ஆண்டில் பெரும்பாலான நாள்கள் வெயில் கொட்டும் நாட்டில், நண்பகலில் சூரிய மின்சாரத்தை வாங்க ஆளின்றி நிறுத்திவைக்கிறார்கள். சேமிக்கும் மின்கலங்களும் போதவில்லை, வெளியே அனுப்பக் கம்பியும் இல்லை. ஒரு பொறியாளனுக்கு இதைவிட வேதனையான காட்சி கிடையாது.

இதற்குத் தீர்வாகக் கிரீஸின் கிரீட் தீவிலிருந்து சைப்ரஸுக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி மின்வடம் போடும் திட்டம் இருக்கிறது. மதிப்பீடு 1.9 பில்லியன் யூரோ. அதில் 657 மில்லியனை ஐரோப்பிய ஒன்றியம் மானியமாக ஒதுக்கியிருக்கிறது. சில இடங்களில் கடலாழம் மூன்று கிலோமீட்டர் அளவுக்கு இருக்கிறது. 2024 ஜூலையில் காசோஸ் தீவருகே கடலடி ஆய்வுக்குச் சென்ற கப்பலின் அருகில் துருக்கியப் போர்க்கப்பல்கள் வந்து நின்ற பிறகு வேலை தடுமாறிவிட்டது. செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதில் ஏதென்ஸுக்கும் நிக்கோசியாவுக்கும் இடையிலேயே பூசல். துருக்கியின் தென்கரையோ தீவின் வடகரையிலிருந்து 70 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பொறியியல் கணக்கு எந்தப் பாதையைக் காட்டுகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அரசியல் அந்தப் பாதையை அடைத்து வைத்திருக்கிறது.

எரிவாயுவும் அப்படித்தான். சைப்ரஸின் கடற்பகுதியில் அஃப்ரொடைட்டி வயல் 2011இல் கண்டறியப்பட்டது. 2018 முதல் 2022 வரை கலிப்சோ, கிளாக்கஸ், குரோனோஸ், ஜீயஸ் என வரிசையாகக் கண்டறிந்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றின் வாயு ஒரு வீட்டு அடுப்பையும் எரிக்கவில்லை. குரோனோஸ் வாயுவை எகிப்தின் ஏற்கனவே உள்ள கட்டமைப்புக்கு அனுப்பித் திரவமாக்கி ஏற்றுமதி செய்ய 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. அதுவே நடைமுறைக்கு நெருங்கியதாகத் தெரிகிறது.

தண்ணீரைப் பாருங்கள். 2015 அக்டோபரில் துருக்கியின் அனமூர் கரையிலிருந்து வடக்கு சைப்ரஸுக்குக் கடலுக்குள் 80 கிலோமீட்டர் குழாய் வழியாக நன்னீர் வந்தது. கடல்தளத்தில் கிடத்தாமல், நீர்மட்டத்துக்கு 250 மீட்டர் கீழே மிதக்கவிட்டுக் கடலடியில் நங்கூரமிட்டுப் பிணைத்த குழாய் அது. ஆண்டுக்கு 75 மில்லியன் கன மீட்டர் கொண்டுவர வடிவமைக்கப்பட்டது. பொறியியல் அளவில் வணங்கத்தக்க வேலை. ஆனால் 2020 தொடக்கத்தில் குழாய் உடைந்தபோது பல மாதங்கள் வரத்து நின்றது. அப்போதுதான் ஒரே குழாயை நம்பியிருப்பதன் பொருள் வடக்கில் பலருக்கும் உறைத்தது. தெற்கு கடல்நீரைக் குடிநீராக்கிச் சமாளிக்கிறது. அதற்கும் அந்த விலையுயர்ந்த மின்சாரம்தான் வேண்டும்.

ஒத்துழைப்பு நடக்காதது என்று யாரும் எண்ண வேண்டாம். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள், 1970களின் இறுதியில், நிக்கோசியாவின் இரு மேயர்களான லெல்லோஸ் தெமெத்ரியாடிஸும் முஸ்தஃபா அக்கின்ஜியும் நகரத்தின் கழிவுநீரைச் சேர்ந்தே சுத்திகரிப்பது என்று முடிவெடுத்தார்கள். சரிவு வடகிழக்கு நோக்கி இருப்பதால் தெற்கின் கழிவுநீரும் வடக்கில் உள்ள மியா மிலியா நிலையத்துக்கே போகிறது. அந்த அக்கின்ஜிதான் பின்னாளில் வடக்கின் தலைவராகக் கிரான்-மொந்தானா சென்றவர். 2011 ஜூலை 11 அன்று மாரி கடற்படைத் தளத்தில் வெடிப்பு நிகழ்ந்து 13 பேர் இறந்து, அருகிலிருந்த வசிலிக்கோஸ் மின்நிலையம் சிதைந்தபோது, வடக்கு தெற்குக்கு மின்சாரம் கொடுத்தது. அதற்கு முன் 1990களின் நடுப்பகுதி வரை தெற்குதான் வடக்குக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்தது.


கடற்கரையான்

மின்தொடர் ஐயா, மியா மிலியா நிலையம் பற்றி எனக்குத் தெரியாது. எழுதியதற்கு நன்றி. ஆனால் 1978இல் சாக்கடை ஒன்றுபட்டும் அரசியல் ஒன்றுபடவில்லையே, ஐம்பதாண்டுகள் ஆகப்போகின்றன. இதற்கு உங்கள் பதில் என்ன?


மின்தொடர்

நியாயமான கேள்வி. அந்த நிலையம் ஒன்றுபடுத்தும் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் குழாய்களை இரு பக்கப் பொறியாளர்களும் சேர்ந்து பராமரித்ததால் நிக்கோசியாவில் தொற்று பரவவில்லை. அவ்வளவே அதன் பயன், அது சிறிய பயன் அன்று. நாளைக்குத் தீர்வு கையெழுத்தானால் மறுநாள் முதல் வேலை செய்யத் தெரிந்த கூட்டு அமைப்பு எத்தனை இருக்கிறது என்பது என் கவலை. இப்போது விரல்விட்டு எண்ணலாம்.


வழக்காடி

இதுவரை யாரும் தொடாத ஒன்று நிலவுரிமை. என் கணிப்பில் தீர்வை முதலில் சாகடிக்கக்கூடியதும் அதுவே.

1974க்கு முன் வடக்கின் தனியார் நிலத்தில் பெரும்பகுதி கிரேக்கருக்குச் சொந்தம். தெற்கில் துருக்கியர் விட்டுவந்த நிலத்தை 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சர் பாதுகாவலராக நின்று நிர்வகிக்கிறார். வடகரை நகரமான கைரீனியாவில் தன் நிலத்துக்குப் போக முடியவில்லை என்று டிட்டினா லொயிசிடூ என்ற பெண்மணி தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996இல் துருக்கியைப் பொறுப்பாக்கியது; நட்டஈட்டைத் துருக்கி 2003இல்தான் கொடுத்தது. பிறகு வடக்கில் அசையாச் சொத்து ஆணையம் அமைந்தது. 2010இல் அதே நீதிமன்றம், அந்த ஆணையம் பயனுள்ள உள்ளூர்த் தீர்வழி என்று கூறி, முதலில் அங்கே போங்கள் என்று கிரேக்க உரிமையாளர்களை அனுப்பியது. அத்தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒரு கருத்து உண்டு: நீண்ட காலம் கடந்துவிட்டதால், இப்போது அங்கே குடியிருப்பவரின் நிலையையும் பார்க்காமல் அனைவரையும் வெளியேற்றிப் பழைய உரிமையாளரிடம் ஒப்படைக்க முடியாது. காலம் கடக்கக் கடக்கப் பழைய பத்திரத்தின் வலு குறைகிறது என்று கிரேக்க அகதிகள் அதை வாசித்தார்கள். அவர்களின் கசப்பு எனக்குப் புரிகிறது.

இந்தச் சூழலில், கடந்த சில ஆண்டுகளாக வடக்கின் இஸ்கெலே கடற்கரையில் அடுக்குமாடிகள் காளான் போல முளைக்கின்றன. வாங்குவோர் ரஷ்யர், ஈரானியர், இஸ்ரேலியர், பிரிட்டிஷார் எனப் பலதரப்பட்டவர்கள். அந்த நிலங்களில் பல, தெற்கில் அகதியாக வாழும் ஒருவரின் பெயரில் நிலப்பதிவேட்டில் இன்னும் இருப்பவை. 2024 முதல் தெற்கின் காவல்துறை இவ்வகைக் கட்டுமான நிறுவனத்தாரையும் தரகர்களையும் கைது செய்து வழக்குத் தொடுத்துவருகிறது; 2025இல் சிறைத்தண்டனைகளும் வந்துவிட்டன. வடக்கு இதை மிரட்டல் என்கிறது. என் பார்வையில் இது அகதிகளிடம் மிஞ்சியிருக்கும் ஒரே கருவி. எனினும் ஒவ்வொரு புதிய மாடியும் நாளைய தீர்வில் இன்னொரு நட்டஈட்டுக் கோரிக்கை. அதற்கான பணத்தை எந்த நாடு கொடுக்கும் என்பதற்கு அன்னான் திட்டத்திலும் தெளிவான பதில் இல்லை, கிரான்-மொந்தானாவிலும் இல்லை.

குடியுரிமையையும் சொல்லிவிடுகிறேன். சைப்ரஸ் துருக்கியர் பல்லாயிரம் பேரிடம் சைப்ரஸ் குடியரசின் கடவுச்சீட்டு இருக்கிறது. ஆகவே அவர்கள் ஐரோப்பியக் குடிமக்கள். ஆனால் தாயோ தந்தையோ துருக்கியிலிருந்து வந்தவராக இருந்தால் பிள்ளைக்கு அது பெரும்பாலும் மறுக்கப்படுகிறது. தீவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையைப் பெற்றோரின் திருமணத்துக்காகத் தண்டிப்பது எந்த நீதியில் சேரும்? தெற்கு நினைத்தால் எவரிடமும் பேசாமல் இதைத் திருத்தலாம்.


இளவேனில்

அனைவருக்கும் நன்றி. கடற்கரையான் எழுப்பிய அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அச்சமும் பொருளாதாரமும் தனித்தனியே இல்லை என்பதை வழக்காடியின் பதிவு காட்டுகிறது. வடக்கில் கிரேக்கரின் நிலத்தில் வீடு வாங்கியவருக்குத் துருக்கியப் படை வெளியேறுவது வெறும் பாதுகாப்புக் கேள்வி ஆகாது, வீட்டை இழப்போமா என்ற கேள்வியும் ஆகும்.

அடுத்த சில ஆண்டுகளைப் பற்றி என் கணிப்பைச் சொல்கிறேன். இரண்டு நாடுகள் என்ற வழி அடைபட்டிருக்கிறது. அங்காராவின் நெருங்கிய உறவினராகக் கருதப்படும் கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஆகியவைகூடத் தெற்குக்குத் தூதர்களை அனுப்பியிருக்கின்றன. 2025 ஏப்ரலில் சமர்கந்தில் நடந்த ஐரோப்பிய ஒன்றிய மாநாட்டில், வடக்கின் பிரிவினையைச் செல்லாது என்று சொன்ன 541, 550 என்ற பாதுகாப்புச் சபைத் தீர்மானங்களுக்கு உறுதி தெரிவித்தன. அது துருக்கிக்குப் பெரும் பின்னடைவு. மறுபுறம், வடக்கைத் துருக்கி தன்னோடு முழுதாக இணைத்துக்கொண்டால் ஐரோப்பாவோடு உள்ள வணிகத்தையும் பாதுகாப்புத் துறை ஆசைகளையும் கைகழுவ வேண்டியிருக்கும். ஆகையால் அங்காரா எர்ஹுர்மனைப் பேச அனுமதிக்கும். தன் படை விஷயத்தில் பிடியைத் தளர்த்துமா என்பது ஐரோப்பா எதைக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. சுங்க ஒன்றியத்தைப் புதுப்பிப்பது, ஐரோப்பியப் படைக்கலத் திட்டங்களில் துருக்கிக்கு இடம் தருவது ஆகியவற்றுக்கு நிக்கோசியாவின் சம்மதம் வேண்டும் என்பதே தெற்கின் குடியரசுத் தலைவர் கிறிஸ்டோடூலிடிஸின் கையில் உள்ள சீட்டு. அதை எல்லாவற்றுக்கும் மறுப்பாகவே பயன்படுத்தினால் அதன் மதிப்பு தேய்ந்துவிடும்.

எர்ஹுர்மன் நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறார்: அரசியல் சமத்துவத்தை முன்கூட்டியே ஏற்பது, பேச்சுக்குக் காலவரம்பு, இதுவரை உடன்பட்டவற்றை மீண்டும் கிளறாமை, கிரேக்கத் தரப்பு மேசையை விட்டு எழுந்தால் துருக்கியர் பழைய நிலைக்கே தள்ளப்படமாட்டார்கள் என்ற உறுதி. முதல் மூன்றும் ஐ.நா. ஆவணங்களோடு ஒத்துப்போகக்கூடியவை. நான்காவதுதான் கடினம். 2004இல் ஆம் என்று வாக்களித்தும் வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் காயம் அதில் இருக்கிறது. அன்று ஐரோப்பிய ஒன்றியம் வடக்குக்கு உறுதியளித்த நேரடி வணிகம் இன்றும் நடைமுறைக்கு வரவில்லை. இதைத் தெற்கின் அரசியல்வாதிகள் உணர்ந்து பேசினால் பாதி வழி கடந்ததாகக் கொள்வேன்.

நாம் இந்தியாவிலிருந்து இதைக் கவனிக்கக் காரணமும் உண்டு. சைப்ரஸில் உள்ள ஐ.நா. அமைதிப் படையின் முதல் தளபதி கியானி இந்தியர். அவருக்குப் பின் வந்த திம்மய்யா 1965 டிசம்பரில் தீவிலேயே பணியில் இருந்தபடி இறந்தார். 1974இல் நிக்கோசியா விமான நிலையத்தை இரு படைகளும் பிடிக்காதபடி ஐ.நா. பாதுகாப்பில் கொண்டுவந்தவர் பிரேம் சந்த். அந்த விமான நிலையத்தில் அன்று முதல் பயணிகள் விமானம் எதுவும் இறங்கியதில்லை.


செந்தாழை

பெரிய பேச்சுகளைக் காட்டிலும் கடவைகளைக் கவனியுங்கள் என்பது என் வேண்டுகோள். இப்போது ஒன்பது கடவைகள் இருக்கின்றன; கடைசியாகத் திறந்தவை 2018 நவம்பரில் திறந்த தெரினியாவும் லெஃப்காவும். 2025 மார்ச்சில் ஜெனீவாவில் இரு தலைவர்களும் மேலும் நான்கைத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். வணிகத்துக்கு உதவும் என்று வடக்கு மியா மிலியாவைக் கேட்கிறது. தெற்கு அத்தியேனு, கோக்கினா வழிகளைக் கேட்கிறது. கோக்கினா இராணுவப் பகுதி என்று துருக்கியப் படைத்தரப்பு தயங்குகிறது. உத்தரவாத ஒப்பந்தமோ, இரு சமூகத்தாரும் மாறி மாறி நாட்டுக்குத் தலைமை வகிக்கும் சுழற்சித் தலைமையோ எதுவும் இதில் இல்லை. ஒரு சாலை, இரண்டு கூண்டுகள், சில காவலர்கள் போதும். அயியோஸ் தொமெத்தியோஸில் காலை வேலைக்கு வருபவர்கள் வரிசையில் நின்று கூலியை இழக்கிறார்கள். மியா மிலியா திறந்தால் நகரின் கிழக்கில் வாழ்வோருக்கு அந்தச் சுமை குறையும்.


இளவேனில்

ஒப்புக்கொள்கிறேன். அதே ஜெனீவாக் கூட்டத்தில், இரு பக்கத்துக்கும் நடுவே ஐ.நா. காக்கும் இடைநிலப் பகுதியில் சூரிய மின்நிலையம் அமைப்பது பற்றியும் பேசினார்கள். மின்தொடர் ஐயா அதன் தொழில்நுட்பப் பக்கத்தைத் தனிப் பதிவாக எழுதினால் நன்றாக இருக்கும். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் இரு கட்டமைப்புகளுக்கும் எந்த விகிதத்தில் போகும், அளவிடும் கருவி யாருடையது, கட்டணத்தை யார் வசூலிப்பது என்பவற்றிலிருந்தே தொடங்கலாம். மியா மிலியா திறக்கப்படும் செய்தி வந்தால் இந்த இழையிலேயே சேர்க்கிறேன்.